ஒன்பது வீட்டு ராஜ்ஜியம்

பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்டால் அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு நிறுத்த நம் வயதுக்காரர்களுக்குத் தெரியாது. மூட்டு வலியைப் போல இதுவும் நமக்கு வந்து சேர்ந்த ஒன்று. போன மாதம் என் மகள் திருப்பதியிலிருந்து போன் செய்தாள். அங்கே கம்ப்யூட்டர் கேம்களுக்குக் கதையும் ஊரும் ஆட்களும் உண்டாக்கும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். இதெல்லாம் ஒரு வேலையா என்று முதல் வருஷம் முழுக்கக் கேட்டேன். இப்போது கேட்பதில்லை.

"அம்மா, ரத்தக் காட்டேரிங்க ஆள்ற ஒரு நாடு பண்ணணும். ஆடறவங்க நம்பணும். எங்க டீம்ல எல்லாரும் கோட்டை, வவ்வாலு, கறுப்பு அங்கின்னு வரைஞ்சிக்கினு கீறாங்க. எனக்கு ஒரே டவுட்டு. ஜனங்க ஏன் அவங்கள வுட்டு ஓடிப் போவல?"

நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"ஒரு காட்டேரிக்கு எத்தினி வீடு வேணும்னு மொதல்ல கணக்கு போட்டியா?"

"இல்லியே."

"ஒம்பது," என்றேன்.

அவள் சிரித்தாள். அம்மாவுக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அந்தக் கணக்கைப் போட்டது என் பெரியப்பா மகள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பதினொன்று. அவள் உயிரோடு இருப்பதா வேண்டாமா என்பது அந்தக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இதைப் போனில் சொல்ல எனக்கு வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்களும் அந்தக் காலத்துப் பெரியவர்கள் கையில் வளர்ந்தவர்கள்தானே.

எங்கள் வீடு திருப்பதி ரயில்வே குடியிருப்பில் இருந்தது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே நைனா என்னைச் சித்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பெரியப்பா வீடு. பெரியப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், சபையில் மூப்பர். அவர் இருமினால் காம்பவுண்டில் பாதிப் பேர் எழுந்து நிற்பார்கள். வீட்டு ஜன்னல்களுக்குப் பச்சை வர்ணம் அடித்த மரச்சட்டக் கதவுகள். பகலிலும் அவற்றைச் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே எப்போதும் சாயங்காலம் மாதிரிதான் இருக்கும். புளித்த சுண்ணாம்பு வாசனையும் டானிக் வாசனையும் கலந்து வரும்.

அந்த வீட்டுக்குள் அக்கா இருந்தாள். அவள் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே செய்துகொள்ளாது. அந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதெல்லாம் நான் பெரியவளான பிறகுதான் தெரிந்தது. மாதத்துக்கு ஒருமுறை மிஷன் ஜீப்பில் குடிபாலா வழியாகத் தமிழ்நாட்டு எல்லை தாண்டி, வேலூர்ப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளைக் கூட்டிப் போவார்கள். இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றுவார்கள். அப்போதெல்லாம் கண்ணாடிப் பாட்டில்தான். போகும்போது வாழைத்தண்டு மாதிரி வெளுத்துப்போய்ப் போவாள். மறுநாள் உதடு சிவந்து, வாயாடியாகத் திரும்பி வருவாள். வந்த வாரம் என்னோடு சண்டை போடுவாள், கடைசி வாரம் மாடி ஏற மாட்டாள்.

அவளுக்கு இரண்டு பாட்டில் வாங்கினால், பதிலுக்கு இரண்டு பேர் போய்ப் பாட்டிலை நிரப்பித் தர வேண்டும். ஒருமுறை கொடுத்தவர் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். இதற்காக எங்கள் சபையில் ஒரு முறை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்புகள் வாசிப்பார்கள் அல்லவா, கல்யாண ஓலை, மாதர் சங்கக் கூட்டம் எல்லாம் சொன்ன பிறகு கடைசியாக ஒரு வரி வரும்: "ஒரு சகோதரிக்காக இம்மாதம் இரத்தம் அளிக்கும் சகோதரர்கள்." அதன் பின் இரண்டு பெயர்கள். எந்தச் சகோதரி என்று சொல்ல மாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய் திறந்து கேட்கக் கூடாது. பெரியப்பா அப்படிக் கட்டளை போட்டிருந்தார். பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு இடத்தில் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் நியாயம். அதனால் அக்கா ஆராதனைக்கு வர மாட்டாள், பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, ஜீப்பில் போகும்போதும் பக்கவாட்டு கேன்வாஸை இறக்கிக் கட்டிவிடுவார்கள். வெயில் ஆகாது என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள்.

பெரியம்மாவுக்கு அக்கா மேல் உயிர். ரத்தம் குறைவு என்றால் இரும்புச் சத்துத்தானே கொடுக்க வேண்டும்? ஆட்டு ஈரல், முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், கறுப்பு டானிக் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். டாக்டர் கஞ்சத்தனமாகச் சொல்கிறார் என்று நினைத்து ஒளித்துக் கொடுத்தாள். ஏற்றுகிற ரத்தத்திலேயே அக்காவுக்கு இரும்பு மிஞ்சிப் போய்க்கொண்டிருந்தது, அதுதான் அவள் ஈரலையும் இருதயத்தையும் தின்றது என்று இருபது வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். பெரியம்மா அப்போது உயிரோடு இருந்தாள். நான் அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை.

அந்தக் கோடையில் நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா பேசாமல் படுத்திருந்தாள். ரத்தம் ஏற்றி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது, சண்டை போட வேண்டிய வாரம் அது. திருப்பதி ஸ்டேஷன் எதிரே வாடகைக்கு எடுத்த படக்கதைப் புத்தகம் ஒன்றைத் துணிகளுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தேன். அட்டையில் நீளப் பல்லோடு ஒரு சீமைக் காட்டேரி. அதைக் காட்டினால் துள்ளி எழுவாள் என்று நினைத்தேன். அவள் அட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நானும் இதான்."

"சீ, போக்கா."

"நான் சொல்லல. சமையல் அத்த சொன்னாங்க."

சமையல் அத்தை என்பவர் காம்பவுண்டில் இருந்த பிள்ளைகள் விடுதிக்குச் சமைப்பவர். போக வீடில்லாத நாற்பது பிள்ளைகள் கோடையிலும் அங்கே இருப்பார்கள். அத்தைக்கு அகன்ற தோள், அண்டா தூக்கும் கை, ஊருக்கே கேட்கும் குரல். அவருடைய கணவர் ஜீப் டிரைவர். டிரைவர் மாமா அக்காவை ஓட்டிக்கொண்டும் போவார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் கொடுப்பார். அப்படிக் கொடுத்துவிட்டு வந்த மறுநாள் மாமா தலைசுற்றி ஷெட்டில் விழுந்துவிட்டார். அத்தை எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயடியில் நின்று கத்தியிருக்கிறார்: "ஊரு ரத்தத்தயெல்லாம் உறிஞ்சிக்கினு உள்ள படுத்துகினு கீது அந்த வூட்டுக் காட்டேரி!" சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் அக்கா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. எழுந்து போய், ஞாயிறு பள்ளியின் பழைய வருகைப் பதிவேடு ஒன்றை எடுத்துவந்தாள். பாதிக்கு மேல் எழுதாத பக்கங்கள்.

"ஒரு நாடு பண்லாம்," என்றாள். "ராஜா, மந்திரி எல்லாம் காட்டேரிங்க. நான் ராஜா. நீ ஜனங்க. எப்பிடி வேணா என்ன கவுக்கப் பாரு. நீ கவுக்க முடியாத நாடு ஒண்ணு நான் பண்ணிக் காட்டறேன்."

இப்படித்தான் எங்கள் ஆட்டம் ஆரம்பித்தது. காலையில் அவள் சட்டம் போடுவாள். சாப்பாட்டுக்குள் நான் அதை உடைக்க வேண்டும். சாயங்காலம் அவள் ஓட்டையை அடைப்பாள்.

முதல் நாடு மூன்று மணி நேரம்கூட நிற்கவில்லை. ராஜா ராத்திரியில் வீடு புகுந்து கடிக்கிறார் என்று எழுதினாள். நான் என் ஜனங்களை மூட்டை முடிச்சோடு நீவா ஆற்றைத் தாண்டவைத்து, குடிபாலா வழியாக எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டேன். பட்டினியில் ராஜா செத்துப் போனார். இரண்டாம் நாடு: எல்லையில் காவல்காரர்கள். "காவல்காரனுக்கும் ரத்தம் இருக்குதே, அவன் பிள்ளையக் கடிச்சா கதவத் தொறந்து வுட்டுடுவான்," என்றேன். காவல்காரன் வீட்டைக் கடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டாள். என் ஜனங்கள் எல்லோரும் காவல் வேலையில் சேர்ந்துவிட்டார்கள். அக்கா தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள்.

பகலில் ராஜா வெளியே வர முடியாதே, மனு வாங்குவது யார் என்று கேட்டேன். பகல் மந்திரி என்று ஒரு மனிதனை வைத்தாள். ஒரே வாரத்தில் என் பகல் மந்திரி ராஜாவை வெயிலில் தள்ளிவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டார். அதற்கு அவள் யோசித்து ஒரு பதில் வைத்தாள், இன்றைக்கும் எனக்கு அதிசயமாக இருக்கிறது. காட்டேரிக்குச் சாவு இல்லை. முந்நூறு வருஷமாக உயிரோடு இருக்கிற ராஜாவுக்கு எந்த வரப்பு யாருடையது என்று தெரியும். நிலத் தகராறு வந்தால் தாலூக்கா ஆபீசுக்கு அலைய வேண்டாம், வக்கீல் வேண்டாம். ராஜாவே சாட்சி. அவர் போய்விட்டால் எல்லோர் நிலமும் தகராறில் விழும். அதனால் ஜனங்கள் ராஜாவை விட்டுக் கொடுக்க மாட்டார்கள். என் நைனா பத்து வருஷமாக ஒரு நிலத்துக்காகக் கோர்ட்டுக்கு அலைந்துகொண்டிருந்தார். அந்த நாட்டை என்னால் இரண்டு நாள் கவிழ்க்க முடியவில்லை.

ஒன்பது வீட்டுக் கணக்கு அதற்குப் பிறகு வந்தது. ஒரு ராஜாவுக்கு மாதம் இரண்டு பாட்டில், ஒரு ஆள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆக ஆறு பேர். காய்ச்சல், கல்யாணம், வெளியூர்ப் பயணம் என்று மூன்று பேர் கூடுதல். பதிவேட்டின் முதல் பத்தியில் மாணவர் பெயர் எழுதும் இடத்தில் அவள் வீடுகளை எழுதினாள்: டிரைவர் வீடு, வாட்ச்மேன் வீடு, கணக்கு வாத்தியாரான பந்துலு வீடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறிவிப்பில் மாறி மாறி வாசிக்கும் ஒன்பது பேரைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"இவங்க எதுக்குக் குடுக்கணும்?" என்று அவளே கேட்டாள். "நீ சொல்லு. உங்க ஊர்ல ஜனங்க கியூவுல நின்னு முடி குடுக்கறாங்களே, எதுக்குக் குடுக்கறாங்க?"

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நான் அதைக் கேட்டிருக்கிறேன். மலைக்குப் போய் மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு சிரித்துக்கொண்டே வந்தவர் அவர். "பிள்ளைக்கு ஜுரம் வந்தப்ப நேந்துக்கினேன். பொழச்சிட்டான். அப்பறம் முடி எதுக்கு எனக்கு?" என்றார். அதை அப்படியே அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பென்சிலைக் கீழே வைத்தாள். "அவங்களுக்கு நடந்துச்சு, அப்பறம் குடுத்தாங்க. நான் இவங்களுக்கு இன்னா பண்ணேன்? எனக்கு வரப்பு கூடத் தெரியாது."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள். "அடுத்த தடவ ஜீப்பு வரத்துக்குள்ள, ஜனங்க வயிறெரியாம ரத்தம் குடுக்கற மாதிரி ஒரு நாடு வரலன்னா, நான் ஏற மாட்டேன். யார்கிட்டயாவது சொன்ன, உன்கூடப் பேச மாட்டேன்."

ஏறாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அன்று முதல் நான் வேண்டுமென்றே தோற்க ஆரம்பித்தேன். அவள் என்ன சட்டம் போட்டாலும், "ஜனங்க சந்தோஷமா கீறாங்க," என்று சொல்லிவிடுவேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். "பொய்யா தோக்காத. நீ நெசமா என்ன கவுக்கப் பாத்தாதான் எனக்குத் தெரியும்," என்றாள். பதினொரு வயதில் அதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. காலையில் அவளுடைய நாட்டை உடைப்பேன், மத்தியானம் குளியலறைக்குள் போய் அழுவேன்.

ஜீப் வர வேண்டியதற்கு முந்தின நாள், மெத்தையை வெயிலில் போடப் போன பெரியம்மா பதிவேட்டைக் கண்டெடுத்தாள். திறந்த பக்கத்திலேயே நீளப் பல் ராஜா படம். அடுத்த பக்கத்தில், "ராஜா மாதம் இரண்டு பாட்டில் குடிப்பார்." அதற்குக் கீழே சபையார் ஒன்பது பேரின் வீடுகள். பெரியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வந்தார், நின்றபடியே முழுவதும் வாசித்தார், வெந்நீர் அடுப்பில் கொண்டுபோய்ப் போட்டார். முந்நூறு வருஷ ராஜாவும், பகல் மந்திரியும், எல்லை வரைபடமும் அன்றைக்குக் குளிக்கிற தண்ணீருக்கு ஆயிற்று.

பெரியப்பா கெட்டவர் இல்லை. கோபத்தில் செய்தார் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், பயந்துபோயிருந்தார் என்று தோன்றுகிறது. பிள்ளைக்குள் ஏதோ வந்துவிட்டது என்று நம்பினார். அது எப்படி வந்தது என்று யோசித்து, படித்த மனிதர் ஒரு முடிவுக்கு வந்தார்: "யார் ரத்தத்தோடு என்ன வந்ததோ!" போதகர் அய்யா வயதில் சின்னவர், அப்படியெல்லாம் இல்லை என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ரத்தம் கொடுக்கும் ஒன்பது பேரையும் கூப்பிட்டு, மூன்று நாள் உபவாச ஜெபம் என்று ஏற்பாடாயிற்று. ஜெபம் முடிந்துதான் ஆஸ்பத்திரி.

அந்த ஒன்பது பேரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும். ஒவ்வொருவரும் தன்னுடைய ரத்தம்தான் பிள்ளையைக் கெடுத்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டார்கள். டிரைவர் மாமா எல்லோர் முன்னாலும் எழுந்து, தான் பீடி குடிப்பதை அறிக்கையிட்டு அழுதார். கணக்கு பந்துலு, பரீட்சையில் சொந்தக்காரப் பையனுக்கு மார்க் கூட்டிப் போட்டதைச் சொன்னார். வாட்ச்மேன் மாமா தூங்கிவிடுவதைச் சொன்னார். அது முன்னமே எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் தவிர எதுவும் தொடாமல், ஒன்பது ஆண்களும் முழங்கால் போட்டு ஜெபித்தார்கள்.

அக்கா உள்ளே மெத்தையில் இன்னும் இன்னும் வெளுத்துக்கொண்டு போனாள். விரல் நகம் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காதைச் சுவரில் வைத்து ஜெபத்தைக் கேட்டுவிட்டு, "நல்லதாப் போச்சு. நான் வேணாம்னு சொல்ற வேல மிச்சம்," என்றாள். இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் பேசாமல் போய்விடுவாளே என்று பயந்து, அவள் செத்துப்போகக்கூடிய ஒரு விஷயத்தை மூன்று நாள் வாய்க்குள் வைத்திருந்தேன். பெரியவர்கள் தப்பை மட்டும் சொல்லிக்கொண்டு போவது நியாயமில்லை என்பதால் இதையும் சொல்கிறேன்.

மூன்றாம் நாள் விடிந்ததும் அக்காவை எழுப்பப் போனேன். கண் திறந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. நான் போட்ட கூச்சலில் ஜெபம் நின்றது.

ஜீப் வந்தது. பெரியம்மா உபவாசத்தில் நிற்கக்கூட முடியாமல் இருந்தாள். அக்காவைத் தூக்க ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று விடுதியிலிருந்து சமையல் அத்தையைக் கூப்பிட்டார்கள். அத்தை வந்து, போர்வையோடு அக்காவை அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். வண்டி ஓட்ட டிரைவர் மாமாவும், பெரியப்பாவும், ரத்தம் கொடுக்க வேறு நாலு பேரும் ஏறினார்கள். என்னை இறக்கிவிட யாருக்கும் நேரமில்லை. அக்கா ஏற மாட்டேன் என்று சொன்ன ஜீப் அவளுக்குத் தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டிலை உடனே ஏற்றினார்கள். அடுத்தது வேண்டுமென்றால் ரத்தம் கொடுக்க ஆள் வரட்டும் என்றார்கள். நாலு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாகப் போய் நின்றார்கள். ரத்தம் எடுக்கும் சிஸ்டர் முதல் ஆளைக் கேட்டார்:

"காலையில இன்னா சாப்ட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடலம்மா."

"நேத்து ராத்திரி?"

"மூணு நாளா உபவாசம்மா. நாங்க நாலு பேரு, வண்டி ஓட்டற டிரைவரு. ஊருல இன்னும் நாலு பேரு அதே மாதிரி." அவர் இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சிஸ்டர் ஊசியைத் தட்டில் போட்டார். "வெறும் வயித்துல கீற ஆளுங்கிட்ட எடுத்தா நீங்கதான் கட்டில்ல படுப்பீங்க. ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. அதுக்குன்னு ரத்தம் குடுக்கற அத்தினி பேருமா பட்டினி கெடப்பீங்க? நல்லா துன்னு ரெண்டு நாள் கழிச்சு வாங்க."

பெரியப்பா என்னென்னவோ ஆங்கிலத்தில் பேசிப் பார்த்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை முதலும் கடைசியுமாக அன்றுதான் பார்த்தேன்.

"நான் துன்னுட்டுதான் வந்தேன்," என்றார் சமையல் அத்தை.

எல்லோரும் திரும்பினார்கள். டிரைவர் மாமா முன்னால் வந்தார். "உபவாசத்துலயா? எனக்காக நீயும் இருக்கறேன்னு சொன்னியே?"

"சொன்னேன். நாப்பது பசங்களுக்கு ஆக்கறேன். உப்பு பாக்காம எப்பிடி எறக்கறது? பாக்க ஆரமிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது. மூணு நாளும் மூணு வேளையும் துன்னேன். இப்ப இன்னான்ற?" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார்.

ரத்தம் சேருமா என்று பார்த்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து இரண்டாவது பாட்டிலைக் கம்பியில் தொங்கவிட்டபோது அக்கா விழித்திருந்தாள். யார் கொடுத்தது என்று என்னைக் கேட்டாள். எனக்குப் பொய் வரவில்லை. சொன்னேன். அவள் உடனே கையை நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள்.

"வேணாம். அவங்களுது வேணாம்."

சிஸ்டர் அதட்டினார், பெரியப்பா கெஞ்சினார். அக்கா கையை விரிக்கவில்லை. சத்தம் கேட்டு சமையல் அத்தை, முழங்கை மடிப்பில் பஞ்சோடும் கையில் காபி டம்ளரோடும் உள்ளே வந்தார்.

"ஏன் பாப்பா?"

"நீங்கதான சொன்னீங்க, காட்டேரின்னு."

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சொன்னேன். வாயி என்னுது, ஒத்துக்கறேன். தப்புதான். ஆனா நீயும் கேளு. நாலு வருசமா இந்த மனுசன் குடுத்துட்டு வரான். வந்து ரெண்டு நாளு மயங்கிக்கினு கீறான். 'அந்தப் பொண்ணு எப்பிடி கீது, தேவலாமா?'ன்னு கேட்டா, 'கேக்கக் கூடாது'ங்கறான். குடுத்தது எங்க போச்சு, நல்லாயிருக்கா, இல்லியா, ஒரு நாளு ஒருத்தர் வந்து சொன்னாங்களா? ஜன்னலு சாத்திக்கினு கீது, ஜீப்புல கேன்வாஸ் தொங்குது. கண்ணுல காட்டாத எடத்துக்குக் குடுத்துக்கினே இருந்தா வயிறு எரியாதா? உன் மூஞ்சிய நான் இன்னிக்குத்தான் கிட்டத்துல பாக்கறேன்."

அத்தை இதை அக்காவிடம்தான் சொன்னார். ஆனால் தலை குனிந்தது பெரியப்பாவுக்கு.

அக்கா அத்தையின் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "நான் வந்து சொன்னா போதுமா?"

"வேற இன்னா வேணும்? வந்து சொல்லு. வந்தா ஒரு வாய் துன்னுட்டுப் போ."

அக்கா கையை நீட்டினாள். நான் அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி அழுதேன். சிஸ்டர் என்னை வெளியே போகச் சொன்னார், போகவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த நேரம், நல்ல உச்சி வெயில். அக்கா பாவாடை தாவணி கட்டி, தலை வாரி, வாசலுக்கு வந்தாள். பெரியம்மா பதறிக்கொண்டு குடையோடு ஓடிவந்தாள். பெரியப்பா கேட் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் வழி மறிப்பார் என்று நினைத்தேன். மறிக்கத்தான் வந்தார் என்று இன்றும் நினைக்கிறேன். அக்கா நின்று அவரைப் பார்த்தாள். அவர் கேட்டைத் திறந்துவிட்டு, "மெதுவாப் போம்மா, மூச்சு வாங்கும்," என்றார்.

ஒன்பது வீட்டுக்கும் போனோம். சமையல் அத்தை வீட்டில் முட்டைக் குழம்பு. கணக்கு பந்துலு வீட்டில் அவருடைய மனைவி தெலுங்கில் ஏதோ சொல்லிக்கொண்டே அக்காவின் கன்னத்தைத் தடவினார். ஒவ்வொரு வாசலிலும் அக்கா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நான்தான். நல்லா கீறேன்." சிலர் உள்ளே போய் நாற்காலி எடுத்துவந்தார்கள். நாலாவது வீட்டில் அக்காவுக்கு மூச்சு வாங்கியது. அவர்களே ஒரு சைக்கிள் ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டார்கள்.

கடைசி வீடு வாட்ச்மேன் மாமாவுடையது. தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அக்கா தன் வாக்கியத்தைச் சொன்னாள். அவர் லுங்கியைச் சரி செய்துகொண்டு, அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நான் குடுத்தது எத்தினி நாளுக்கு வரும் பாப்பா?"

"ஒரு மாசம் வரும் மாமா."

"அப்ப அடுத்த மாசமும் வந்து சொல்லு."

அதற்குப் பிறகு அக்கா பன்னிரண்டு வருஷம் இருந்தாள். ஒரு மாதம்கூடத் தவறாமல் போய்ச் சொன்னாள். ஒன்பது வீடு இருபத்து மூன்று வீடாயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே உச்சி வெயிலில், நான் தனியாகப் போய்ச் சொன்னேன். ஒரு வீட்டையும் விடவில்லை.